சுட்டி இல்லாத மேசை

அவருடைய மேசைமேல் ஒரு விசைப்பலகை இருக்கும். தண்ணீர்ப் புட்டி இருக்கும். தாயாருக்கு வாங்கிய கண் சொட்டு மருந்து, மறந்துவிடக் கூடாதென்று, கணினித் திரையின் அடிவிளிம்பில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மற்றவர் மேசைகளில் எல்லாம் இருந்த ஒன்று மட்டும் அங்கே இராது. மௌசு என்று எல்லோரும் வழங்கும் சுட்டியை அவர் மேசையில் நான் கண்டதே இல்லை.

விழுப்புரத்தில், இரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஒரு மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனம் அது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தமிழை நானாகவே படித்துத் தேறியவன். செயலிகளின் திரையில் தோன்றும் தமிழ் வாசகங்களைப் பிழை நீக்கித் தரும் பணிக்கு, மற்றவர் ஓய்வு பெறும் வயதில் என்னை அங்கே அமர்த்தினார்கள். திண்டிவனத்திலிருந்து காலை வண்டியில் வந்து சேர்வேன். அவருக்குப் பக்கத்து இருக்கை எனக்குக் கிடைத்தது. அவர் நிரல் எழுதும் பெண்மணி. என்னைவிட மிக இளையவர். ஆயினும் அவரை ஒருமையில் அழைக்க எனக்கு ஒருநாளும் நா எழுந்ததில்லை.

நிரல் எழுதுவோர் தாம் எழுதப் பயன்படுத்தும் செயலியை எடிட்டர் என்பர். ஒரே ஊரில் ஆளுக்கொரு தெய்வத்தைக் கும்பிடுவது போல, அவர்களுக்குள் ஆளுக்கோர் எடிட்டர் உண்டு. அவருடையது விம் என்னும் பழைய எடிட்டர். கறுப்புத் திரை. அதில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. அவர் சொல்ல நான் அறிந்தது இது: அந்த எடிட்டரில் எழுத்து விசையை அழுத்தினால் உடனே எழுத்து விழாது, அந்த விசை ஓர் ஆணையாகும். ‘ஜே’யை அழுத்தினால் ஒரு வரி கீழே இறங்கலாம். ‘டி’யை இரு முறை தட்டினால் ஒரு வரி முழுதும் அழியும். எழுதப் போகிறேன் என்று முன்னதாக ஒரு விசையால் அறிவித்த பின்னரே எழுத்து விழும். எழுதியதைச் சேமிக்க முக்காற்புள்ளியும் டபிள்யூவும் இட வேண்டும். இவற்றையெல்லாம் அவர் நினைத்துச் செய்ததாக எனக்குத் தோன்றியதில்லை. அவர் கண் திரையில் இருக்கும். விரல்கள் தம் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

என் வேலைமுறை அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தது. ஒரு வாக்கியத்தைத் திருத்தியதும் நான் விசைப்பலகையை விட்டுச் சுட்டியைப் பிடிப்பேன். அம்புக்குறியை மெல்ல நகர்த்தித் திரையின் மேல் மூலைக்குக் கொண்டுபோவேன். பட்டியலைத் திறந்து ‘சேமி’ என்பதைத் தேடி அழுத்துவேன். முதல் வாரம் முழுதும் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் வாய் திறந்தார்.

“ஐயா, சேவ் பண்றதுக்கு அம்மாம் தூரம் போயிட்டு வர்றீங்களே. வழியில ஒரு டீ குடிச்சிட்டு வரலாமில்ல?”

“நடந்து போனாலும் ஊர் போய்ச் சேர்ந்து விடுகிறேனே அம்மா.”

“சேருவீங்க. அதுக்குள்ள ஊரு காலியாயிருக்கும்.”

அன்றுமுதல் நான் சுட்டியைப் பிடிக்கும் போதெல்லாம், திரும்பிப் பாராமலே, “கிளம்பிட்டாரு” என்பார். நான் சேமித்து முடித்ததும், “டீ நல்லா இருந்துதா?” என்பார்.

தேநீர் இடைவேளையில் அவருக்கு நிலையான எதிரி ஒருவர் இருந்தார். கிளியனூரிலிருந்து வரும் இளைஞர். இமேக்ஸ் என்னும் வேறோர் எடிட்டரின் பக்தர். அதில் பெரும்பாலான ஆணைகளுக்கு இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டுமாம். கன்ட்ரோல் விசை எந்நேரமும் சுண்டுவிரலின் கீழே கிடக்க வேண்டுமாம்.

“இன்னாக்கா, பாத்திரம் தேய்ச்சாச்சா? சோப்புப் பேர வச்சிக்கினு அத எடிட்டர்னு வேற சொல்றீங்க” என்று அந்த இளைஞர் தொடங்குவார்.

“தேய்ச்சா பளபளன்னு இருக்கும்டா தம்பி. உன் சுண்டு விரலப் பாரு, கொக்கி மாதிரி வளஞ்சிக்கினு போவுது. நாளைக்கி உனக்குப் பொண்ணு குடுக்க வர்றவங்க, மாப்பிள்ளை மூட்டை தூக்கறாரான்னு கேக்கப் போறாங்க.”

“எங்குளுதுல போனா மனுசனாத் திரும்பி வரலாம்க்கா. உங்குளுதுல உள்ள போனவன் இன்னும் வழி தேடிக்கினு இருக்கான்.”

“வெளிய வர வழி தெரிஞ்சிக்கினுதான் எதுக்குள்ளயும் போவணும். எடிட்டருக்கு மட்டும் சொல்லல.”

வெளியே வரும் வழியைப் பற்றிய அந்த வாக்கியத்தை அவர் பல சமயங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேலை மாறப் போகிறவரிடமும் சொல்வார். திருமணப் பத்திரிகை வைக்க வந்தவரிடமும் சொல்வார். அதன் பிறப்பிடத்தை ஒரு பகற்பொழுது, மின்சாரம் போய் எல்லோரும் கைகட்டி அமர்ந்திருந்தபோது அறிந்தேன்.

அவர் முகையூர்ப் பக்கத்தவர். பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் பாலிடெக்னிக் படித்தார். விடுதிப் பெண்கள் உணவு முடித்து வருவதற்குள் கணினிக்கூடத்தின் நல்ல கணினிகளில் எல்லாம் ஆள் அமர்ந்திருப்பார்கள். கடைசியாக வருபவருக்கு மூலையில் ஒன்று மிஞ்சும். அதற்குச் சுட்டி இல்லை. எவரோ பழுதென்று கழற்றிப் போனது திரும்பி வரவேயில்லை.

“கூடத்துல இருந்த சார் சொன்னாரு, ‘அதுல ஒண்ணும் பண்ண முடியாதும்மா, சும்மா குந்திக்கினு பாடத்தக் கவனி’ன்னு. மௌசு இல்லாம தொறக்கிறது இன்னா இருக்குதுன்னு தட்டித் தட்டிப் பார்த்தேன். இந்த விம்மு தொறந்துச்சி. தொறந்தது மூட மாட்டேங்குது ஐயா. இன்னா அடிச்சாலும் கத்துது. மிஷினக் கெடுத்துட்டோம், பணம் கட்டச் சொல்லுவாங்கன்னு பயந்துகினு, பெல்லு அடிக்கிற வரைக்கும் அத மறச்சாப்பல குந்தினு இருந்தேன். எல்லாரும் போனப்புறம் பிளக்கப் புடுங்கிட்டு ஓடிட்டேன்.”

மறுநாளும் அவருக்கு அதே மூலைதான் கிடைத்தது. படிப்பு முடியும்வரை அந்த மூலையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு நேரத்தோடு வந்தபோதுகூட, நல்ல கணினிகளைக் கடந்து அங்கேயே போய் அமர்ந்தாராம்.

“மிச்சம்னு தள்ளி வுட்டாங்க. அத நான் பட்டா போட்டுக்கினேன்” என்றார்.

இதைச் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறர் ஒதுக்கியதையே தமது அரணாக ஆக்கிக்கொண்டவர், அந்த அரணைவிட்டு வெளியே வருவது எளிதன்று என்று மட்டும் அப்போது எண்ணினேன்.

அந்த அரணுக்குள் கொஞ்சம் கடுமையும் குடியிருந்தது. பனமலைப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி சுட்டியின் துணையின்றி ஒன்றும் செய்ய மாட்டாள். ஒருநாள் அவள் ஏதோ ஐயம் கேட்டு இவரைத் தன் மேசைக்கு அழைத்தாள். இவர் சென்றார், அவளுடைய சுட்டியைக் கம்பியோடு சுருட்டி இழுப்பறையில் போட்டார்.

“இது நொண்டிக்குக் கட்டை. உனக்கு இன்னா, கால் இல்லையா?”

அவள் முகம் கறுத்தது. அதன்பின் ஒருபோதும் இவரிடம் எதையும் கேட்கவில்லை. “அப்படிப் பேசியிருக்க வேண்டாம்” என்றேன். அவர் விரல்களை நிறுத்தாமலே, “எனக்கு யாரும் கட்டை குடுக்கல ஐயா” என்றார்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. சென்னையிலிருந்த பெரிய வாடிக்கையாளர் ஒருவர், பேருந்துப் பயணச்சீட்டுச் செயலி ஒன்றின் வேலையை எங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்தார். அதனோடு ஒரு கட்டளையும் வந்தது. இனி எல்லோரும் இணையவழி அவர்களுடைய கணினிக்குள் சென்று, அங்குள்ள எடிட்டரில் மட்டுமே எழுத வேண்டும். அது வண்ணங்களும் பொத்தான்களும் நிறைந்த இக்கால எடிட்டர். அதிலே நமது துணைக்கருவி எதனையும் சேர்க்கலாகாது. ஒவ்வொருவரும் முடிக்கும் வேலையை அதுவே கணக்கெடுக்கும். ஆறு மாதம் கழித்து, கணக்கைப் பார்த்து, வேண்டியவரை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

கிளியனூர் இளைஞர், அப்புதிய எடிட்டரிலேயே விம்மின் விசைகளை இயங்கச் செய்யும் துணைக்கருவி ஒன்று உண்டென்று கண்டறிந்து, தம் எதிரிக்காக மேலாளரிடம் மன்றாடினார்.

“சார், ஒரு சின்ன ஃபைலு சார். அதப் போட்டா அக்காவுக்கு ஒரு பேஜாரும் இல்ல.”

“நம்ம மிஷினா இருந்தா நானே போட்டுக் குடுப்பேன்பா. அவங்க மிஷினு. முடியாதுன்னு எழுதி அனுப்பிட்டாங்க” என்றார் மேலாளர். அவர் கெட்டவர் அல்லர். அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

வேறு வேலை தேடலாமே என்று எவரும் கேட்கக்கூடும். வேலைகள் சென்னையில் இருந்தன. முகையூர்ப் பக்கத்து வீட்டில், கண்பார்வை அநேகமாக அணைந்துவிட்ட தாயார் இருந்தார். இவர் காலையில் சமைத்து, தட்டு எங்கே, செம்பு எங்கே என்று தாயாரின் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டிவிட்டு வருவார். மாலைப் பேருந்தில் திரும்பியாக வேண்டும். வேறிடத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனால் அந்த அம்மாளுக்குச் சுவரும் படியும் தெரியாது. அந்த வீட்டில் மட்டுமே அவருக்குக் கண் இருந்தது. ஆகவே விழுப்புரத்து வேலை போனால், மகளுக்கு வேலையே இல்லை.

அவர் புதிய எடிட்டரில் அமர்ந்தார். அறிவு ஒப்புக்கொண்டது, விரல் ஒப்புக்கொள்ளவில்லை. இவர் கீழே இறங்க ‘ஜே’யைத் தட்டுவார், அங்கே அது வெறும் எழுத்தாக விழும். வரியை அழிக்க ‘டி’யை இரு முறை தட்டுவார், வரி அழியாது, இரண்டு எழுத்துக்கள் கூடுதலாகும். சேமிப்பதாக எண்ணி முக்காற்புள்ளியும் டபிள்யூவும் இடுவார். அவை அப்படியே நிரலில் நிற்கும். என்னிடம் வந்த தமிழ் வாசகங்களில் அவற்றைப் பார்க்கலானேன். “தங்கள் பயணம் இனிதாகுக” என்பதன் வால்போல ஒரு முக்காற்புள்ளியும் ஒரு டபிள்யூவும் இருக்கும். நான் நீக்கிவிடுவேன். நீக்கியதை அவரிடம் சொல்வதில்லை. ஆயினும் தமிழ் மட்டுமே என்னிடம் வந்தது, நிரல் வரவில்லை. ஒரு காலை, நிரலின் நடுவே விழுந்து கிடந்த இரண்டு எழுத்தினால் வாடிக்கையாளரின் சோதனை நின்றுபோயிற்று. காணொலிக் கூட்டத்தில் அவ்வரியைப் பெரிதாக்கிக் காட்டி, “வீட்ல பூனை வளக்கறீங்களா மேடம்? கீபோர்டு மேல நடந்துடுச்சா?” என்று அங்கிருந்த ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். கூட்டம் முடிந்தபின் நெடுநேரம் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

அன்று பனமலைப் பெண் தன் இழுப்பறையில் உபரியாக இருந்த சுட்டியை எடுத்து வந்து இவர் மேசையின் ஓரத்தில் வைத்தாள். அதில் ஏளனம் இல்லை; நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இவரும் பார்த்தார். “வேணாம்மா” என்று மெல்ல அதைத் திருப்பி நகர்த்தினார். “கட்டை வேணாம். நடந்து பழகிக்கறேன்.”

அதற்குப் பிறகு அவர் செய்ததை இன்றளவும் நினைத்துப் பார்க்கிறேன். அலுவலகக் கணினியிலிருந்தும், வீட்டில் வைத்திருந்த பழைய கணினியிலிருந்தும் விம்மை நீக்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

“ரெண்டு மடையும் தொறந்து வச்சா எந்தக் கழனிக்கும் தண்ணி பாயாது ஐயா. ஒண்ண அடைக்கணும்.”

அடைத்தார். மாலையில் வீட்டுக்குப் போய், புதிய எடிட்டரின் கன்ட்ரோல் விசைகளை, பள்ளிப் பிள்ளை வாய்பாடு படிப்பது போல விரல்களுக்குப் புகட்டினார். அதில் சேமிப்பதற்குக் கன்ட்ரோலோடு ‘எஸ்’. செய்த பிழையைத் திரும்பப் பெறக் கன்ட்ரோலோடு ‘இசட்’. பார்வையற்ற தாயாருக்கு மகளின் வேலை என்பது ஓர் ஓசை மட்டுமே, வேர்க்கடலை உரிப்பது போன்ற ஓசை. முன்பெல்லாம், “ஊருக்கே மல்லாட்டை உரிக்கிறியா?” என்று கேட்பாராம். இப்போது, “இன்னாடி, விட்டு விட்டு உரிக்கிற? மல்லாட்டை தீந்துபோச்சா?” என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்க முயன்றார்.

திங்கள் பல கடந்தன. ஒருநாள் மாலை, புறப்படும் நேரத்தில், அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் பழைய வெளிச்சம் இருந்தது.

“ஐயா, கை பழகிடுச்சி. இன்னிக்கி முழுக்க ஒரு எழுத்துகூட தப்பா வுழல. எங்கம்மா மேல சத்தியமா.”

“நான் அறிவேன் அம்மா. இந்த வாரம் எனக்கு நீக்குவதற்கே ஒன்றும் வரவில்லை.”

அவர் திகைத்து என்னைப் பார்த்தார். நான் நீக்கி வந்ததை அப்போதுதான் அறிந்தார். மருந்துப் புட்டியைப் பையில் இட்டுக்கொண்டு பேருந்துக்கு விரைந்தார்.

அடுத்த வாரமே கணக்கு வந்தது. எடிட்டர் எடுத்த கணக்கில் அவர் கை பழகிய அந்த வாரம் இல்லை. பழகாத மாதங்களே இருந்தன. நிறுத்தப்பட்டவர்களுள் அவர் இருந்தார். கிளியனூர் இளைஞரும் இருந்தார். பனமலைப் பெண் தேறினாள். தேறியவள் கழிப்பறையில் நின்று அழுதாள் என்று கேள்விப்பட்டேன். இளைஞர் சென்னைக்குப் போனார். இவர் முகையூருக்குப் போனார். சில திங்கள் கழித்து எனக்கும் அங்கே வேலை இல்லாமற் போயிற்று.

மழைக்காலம் முடிந்தபின் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் எடுக்கிறது. இணையவழியில் ஒரு தேர்வு. முகையூர்ப் பக்கத்தில் இணையம் நிற்பதில்லை. வீட்டுக் கணினியும் ஓட்டு ஒழுக்கில் நனைந்து கெட்டுவிட்டது. திண்டிவனத்தில் என் வீட்டுக் கணினியைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“எந்த எடிட்டர் வேணும்னாலும் வச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க ஐயா!” என்றார். அந்தக் குரலை நான் நெடுநாள் கேட்டிருக்கவில்லை.

பகலுணவு வேளைக்குச் சற்று முன்னர் வந்தார். வயல்வெளி உழைப்பினால் கறுத்திருந்தார். தமது பழைய விசைப்பலகையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முதற்காரியமாக என் மேசையிலிருந்த சுட்டியைக் கழற்றி, புத்தக அலமாரியின்மேல் வைத்தார். விம்மை நிறுவினார்.

“ஒருமுறை எழுதிப் பழகிக்கொள்ளுங்களேன் அம்மா. நேரம் இருக்கிறதே.”

“அது அம்மா வூடு ஐயா. அம்மா வூட்டுக்குப் போறதுக்கு வழி கேக்கறதா?”

தேர்வு தொடங்கியது. கண்காணிப்பவர் ஒருவர் திரையின் மூலையில் சிறு சதுரமாகத் தெரிந்தார். நான் அடுத்த அறையில், கதவு திறந்திருக்க, அமர்ந்திருந்தேன். மல்லாட்டை உரிக்கும் அந்த ஓசைக்காகக் காத்திருந்தேன்.

ஓசை எழுந்தது, நின்றது. மீண்டும் எழுந்தது, நின்றது. எட்டிப் பார்த்தேன். அவர் எழுதியதில் ஒரு பிழை. அதைத் திரும்பப் பெற இடக்கை தானாகச் சென்று கன்ட்ரோலையும் ‘இசட்’டையும் அழுத்தியது. புதிய எடிட்டரில் அது பிழையைத் திருத்தும். பழையதில் அது எடிட்டரையே பார்வையிலிருந்து அகற்றிவிடும். எழுதியது அனைத்தும் மறைந்து வெறுங் கறுப்புத் திரை நின்றது. அழிந்துவிடவில்லை, மறைந்திருக்கிறது, மீட்கும் சொல் அவருக்குத் தெரியும். தட்டி மீட்டார். சிறிது எழுதினார். சேமிக்கும்போது கை கன்ட்ரோலுக்கும் ‘எஸ்’ஸுக்கும் போயிற்று; திரை உறைந்தது. அதையும் விடுவித்தார். மறுபடி எழுதினார். மறுபடி எல்லாம் மறைந்தது.

பிறகு அவர் பழைய எடிட்டரை மூடிவிட்டு, என் கணினியில் இருந்த சாதாரண எடிட்டரைத் திறந்தார். அங்கேயோ அவர் கை பழைய பழக்கத்தில் ‘ஜே’யைத் தட்டிற்று. எழுத்துக்கள் வரிசையாக விழுந்தன. அவர் இரு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து, உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். வேறொருவர் கைகளைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

கண்காணிப்பவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ அனுமதி கேட்டார். பின்னர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“ஐயா, அந்த மௌசக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க.”

அலமாரியின்மேலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சூடான பாத்திரத்தைத் தொடுபவர் போல விரல்நுனியால் பற்றினார். அம்புக்குறி மெல்ல நகர்ந்து திரையைக் கடந்து மேல் மூலைக்குச் சென்றது. பட்டியல் திறந்தது. ‘சேமி’ என்னும் சொல்லைத் தேடினார். அம்புக்குறி நழுவிற்று, மறுபடி கீழிருந்து புறப்பட்டது. என்னால் பார்க்க இயலவில்லை. நான் வெளி வாசலுக்கு வந்து நின்றேன்.

நேரம் முடிந்ததும் எழுந்து வந்தார். விசைப்பலகையைத் துண்டில் சுற்றியிருக்கவில்லை. அது மேசையிலேயே கிடந்தது.

“சாப்பிட்டுவிட்டுப் போகலாம் அம்மா” என்றேன்.

“அம்மாவுக்கு மருந்து ஊத்தணும் ஐயா. பஸ்ஸு போயிடும்.” செருப்பை மாட்டிக்கொண்டார். “அம்மாம் தூரம் போயிட்டு வந்தேன். ஒரு டீயாவது குடிச்சிருக்கலாம்.”

தேநீர் போட்டுத் தரச் சொல்லி நான் உள்ளே வீட்டாருக்குக் குரல் கொடுத்தேன். அது கொதித்து வருவதற்குள் அவர் தெருமுனையைக் கடந்துவிட்டிருந்தார்.